பொட்டு வைத்த பிரஜாவுரிமைப் பத்திரம்

போன வருஷம் பெப்ரவரியில் நான் போட்ட அக்கரப்பத்தனைப் பதிவைப் படித்துவிட்டு, சுதந்திர தின விடுமுறைக்கு அங்கே எப்படிப் போவது, எங்கே தங்குவது என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். இந்த வருஷமும் அதே நாட்களில் போய் வந்தேன். வழி, நேரம், கட்டணம் எல்லாம் எழுதியிருக்கிறேன். ஆனால் இது குளுகுளு பதிவு இல்லை. திரும்பி வந்து ஒன்பது நாளாகிறது, இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. பனிமூட்டமும் பச்சை மலையும் மட்டும் போதும் என்பவர்கள் பஸ் விவரத்தை எடுத்துக்கொண்டு கிளம்பலாம், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

அந்தப் பழைய பதிவில் ஒரு படம் இருந்தது. தேயிலைக் கொழுந்துக் கூடையில் சின்னத் தேசியக் கொடியைச் செருகிக்கொண்டு ஒரு அம்மா சிரித்துக்கொண்டிருப்பார். கீழே "நாம் எல்லோரும் இலங்கையர்" என்று எழுதியிருந்தேன். என் பதிவுகளிலேயே அதிகம் பேர் பகிர்ந்தது அதைத்தான். அந்த அம்மா என் பெரியப்பா மகள், மகேஸ்வரி அக்கா. வயது ஐம்பத்துநான்கு. பதினெட்டு வயதிலிருந்து கொழுந்து எடுக்கிறாள். அன்றைக்குக் கொடியைக் கூடையில் செருகியது அவளில்லை, நான்தான். படத்துக்கு நன்றாக இருக்கும் என்று ஹட்டன் கடையொன்றில் வாங்கிக்கொண்டு போனேன். அதை அப்போது எழுதவில்லை, இப்போது எழுதுகிறேன்.

இந்தத் தைப்பொங்கல் முடிந்த வாரம் அக்கா போன் எடுத்தாள். நலம் விசாரித்து முடித்ததும், "தம்பி, நீ புடிச்சியே அந்தக் கொடி போட்டோ, அதப் பெருசா கலர்ல அடிச்சுக் கொண்டாந்து தாயேன். ஆபிஸ்ல காட்டுனா நம்புவாங்கள்ல?" என்றாள்.

"என்னத்தக்கா நம்பணும்?"

"நான் இந்த நாட்டு ஆளுன்னுதான்."

விஷயம் இதுதான். போன மழைக்கு அவள் குடியிருக்கும் லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுக்கு, பின்னால் மண் சரிந்தது. அதிகாரிகள் வந்து பார்த்தார்கள், இனி இங்கே யாரும் குடியிருக்கக் கூடாது என்று சொல்லி, சுவரில் சிவப்புப் பெயின்டால் பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போனார்கள். குடியிருக்கக் கூடாத அந்த ஒற்றை அறைக் காம்பராக்களில் பதினோரு குடும்பங்கள் இன்றைக்கும் குடியிருக்கின்றன. வேறு இடத்தில் ஆளுக்கு ஏழு பேர்ச் (நாலு சென்டுக்குச் சற்று மேல்) காணி தந்து வீடு கட்டித் தருவதாக ஒரு பட்டியல் தயாராகிறது. பத்துப் பெயர் ஏறிவிட்டது. அக்காவின் பெயர் மட்டும் ஏறவில்லை. பெப்ரவரி மூன்றாம் தேதி மாலையோடு பட்டியல் மேலே போகிறது. ஏறாவிட்டால் அடுத்த மழையையும் அந்தச் சுவரோடுதான் கழிக்க வேண்டும்.

அக்காவிடம் அடையாள அட்டை இருக்கிறது. ஒரு தேர்தல் விடாமல் வாக்குப் போட்டிருக்கிறாள். ஆனால் பிறப்புச் சான்றிதழில் ஒரு கட்டம் இருக்கிறது. உங்களுடையதை எடுத்துப் பாருங்கள், அதிலும் இருக்கும். பாட்டனார் இலங்கையில் பிறந்திருந்தால் அவர் பெயர், பிறந்த வருஷம், பிறந்த இடம். அக்காவின் சான்றிதழில் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு இழுத்திருக்கிறது. அந்தக் கோட்டைப் பார்த்த, பட்டியல் தயாரிக்கும் அலுவலகத்து எழுதுவினைஞர், அப்பாவின் பிரஜாவுரிமைப் பத்திரத்தைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். சுதந்திரம் வந்த கையோடு தோட்டத்துத் தமிழர்களின் பிரஜாவுரிமையைப் பறித்து, பிறகு விண்ணப்பித்தவர்களில் சிலருக்குக் கொடுத்த தாள் அது. சட்டம் எப்போதோ மாறிவிட்டது, இங்கே பிறந்து வளர்ந்த எல்லோரும் பிரஜைகள் என்று அச்சடித்தும் ஆகிவிட்டது. மேசையில் கிடக்கும் சரிபார்ப்புத் தாளுக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

எனக்குச் சிங்களம் சரளமாக வரும். அதனால் படத்தையும் அடித்துக்கொண்டு, கூடப் போய்ப் பேசி முடித்துவிட்டு வரலாம் என்று கிளம்பினேன்.

பெப்ரவரி 2, காலை 6.15க்குக் கொழும்பில் ஹட்டன் பஸ். கட்டணம் 560 ரூபாய். அவிசாவளை, கித்துல்கல, கினிகத்தேனை வழியாக ஏறக்குறைய 130 கிலோமீட்டர். கித்துல்கலவில் பதினைந்து நிமிஷம் நிற்பாட்டுகிறார்கள், கழிவறை சுமார்தான். 10.50க்கு ஹட்டன். அங்கிருந்து நுவரெலியா பஸ்ஸில் ஏறித் தலவாக்கலையில் இறங்க வேண்டும். ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவு, 130 ரூபாய். போகும்போது இடது பக்க ஜன்னல் பிடித்தால் இரண்டு நீர்வீழ்ச்சிகளையும் பார்க்கலாம் என்று போன வருஷம் எழுதியிருந்தேன். இந்த முறை எனக்குக் கிடைத்தது வலது பக்கம், பக்கத்தில் திருப்பூரிலிருந்து சுற்றுலா வந்த ஒருவர்.

நல்ல மனிதர். முறுக்குத் தந்தார். ஜன்னலுக்கு வெளியே கொழுந்தெடுக்கும் பெண்களைப் பார்த்து உருகிப்போனார். எல்லாம் நம்ம ரத்தம் சார், நம்ம தொப்புள்கொடி உறவு, இங்கே கிடந்து கஷ்டப்படாமல் நம்ம மண்ணுக்கே வந்திருக்கலாமே என்றார். வந்தவர்கள் இருக்கிறார்கள் என்று சொன்னேன். இரண்டு நாட்டுத் தலைவர்கள் கையெழுத்துப் போட்டு ஆட்களைப் பங்கு பிரித்தபோது, என் அம்மாவின் தம்பி குடும்பத்தை நீலகிரிக்கு அனுப்பினார்கள். கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில்தான் வேலை. அங்கே அவர்களுக்குப் பெயர் சிலோன்காரங்க. அவருடைய பேரப்பிள்ளைகளையும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். இங்கே எங்கள் பிறப்புச் சான்றிதழில் இனம் என்ற இடத்தில் இந்தியத் தமிழர் என்று இருக்கிறது. இதைச் சொன்னதும் அவர் முறுக்குப் பொட்டலத்தை மடித்து வைத்தார். பிறகு, இருந்தாலும் தமிழன்கிற உணர்வு முக்கியம் சார் என்றார். உணர்வுக்கு யாரும் ஏழு பேர்ச் தருவதில்லை என்று வாய்வரை வந்தது. முறுக்குத் தின்ற வாய் என்பதால் அடக்கிக்கொண்டேன்.

தலவாக்கலையிலிருந்து அக்கரப்பத்தனைக்கு லிந்துலை வழியாக பஸ் இருக்கிறது, ஏறக்குறைய ஒரு மணித்தியாலம், 120 ரூபாய். அக்கரப்பத்தனையில் இறங்கினால் பண்டார அண்ணனின் முச்சக்கரவண்டி நிற்கும். பக்கத்துச் சிங்களக் கிராமத்துக்காரர், மரக்கறித் தோட்டமும் வைத்திருக்கிறார், அக்காவை முப்பது வருஷமாகத் தெரியும். அக்காவின் லயத்துக்கு நாலு கிலோமீட்டர் கல்ரோட்டுக்கு 700 ரூபாய் எடுத்தார். வண்டியின் இரண்டு பக்கமும் புதுக் கொடி கட்டியிருந்தார். பிற்பகல் மூன்றரைக்குப் போய்ச் சேர்ந்தேன்.

அக்கா மலையிலிருந்து அப்போதுதான் வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள். புருஷன் இறந்து ஆறு வருஷம். ஒரே மகள் கட்டுநாயக்கவில் தையல் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள், இரண்டு மாதத்துக்கொரு முறை வருவாள். பின்சுவரில் என் கை உள்ளே போகிற அளவுக்கு வெடிப்பு. அதில் துணியும் பொலித்தீனும் அடைத்து வைத்திருக்கிறாள். கூரைத் தகரத்தில் மூன்று இடத்தில் வெளிச்சம் தெரிந்தது.

பத்திரம் எங்கே என்று கேட்டேன். சாமித் தட்டைக் காட்டினாள்.

முருகனுக்கும் மாரியம்மனுக்கும் நடுவில், அதே அளவு சட்டத்தில், கண்ணாடி போட்டுப் பெரியப்பாவின் பிரஜாவுரிமைப் பத்திரம் இருந்தது. கண்ணாடிக்கு மேலே சந்தனம், குங்குமம். வெளியூர்க்காரர்களுக்குச் சிரிப்பு வரலாம். எங்கள் லயத்தில் நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது மூன்று வீட்டில் இப்படிப் பார்த்திருக்கிறேன். ஒரு குடும்பத்துக்கு இந்தத் தாள் கிடைத்தால் இருக்கலாம், கிடைக்காவிட்டால் ராமேஸ்வரம் கப்பல். ஆகவே அது சாமி. வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போது அதற்கும் ஒரு பொட்டு. பொங்கலன்றைக்கு இரண்டு. பெரியப்பா இறந்த பிறகும் அக்கா விடவில்லை.

சட்டத்தைக் கழற்றினோம். அப்போதுதான் விஷயம் தெரிந்தது. கண்ணாடி இடையில்தான் வந்திருக்கிறது. அதற்கு முன்னால் பத்து, பதினைந்து வருஷம் தாளிலேயே நேராகப் பொட்டு வைத்திருக்கிறார்கள். வைத்த இடமும் அப்படி. பெரியப்பாவுக்குச் சிங்கமுத்திரைதான் சாமியின் நெற்றி. முத்திரையும் பக்கத்திலிருந்த இலக்கமும் காய்ந்த சந்தனத்துக்கு அடியில் சமாதியாகிக் கிடந்தன.

"அப்பா இருந்தா இத வெளியவே எடுக்க வுட மாட்டாரு," என்று அக்கா ஒரு துவாயில் சுற்றி வைத்தாள்.

மறுநாள் காலை 6.40 பஸ். எந்த அலுவலகம், எந்த ஊர் என்று எழுதமாட்டேன். எழுதினால் அக்காவின் கோப்புக்குத்தான் கேடு. 8.20க்குப் போய்விட்டோம். நாளைய சுதந்திர தினத்துக்காக வாசலில் தோரணம், மின்விளக்கு, இரண்டு ஆள் உயரத்தில் ஒரு பேனர். அக்கா முதலில் கவனிக்கவில்லை. நான்தான் பார்த்து நின்றுவிட்டேன்.

பேனரில் அக்கா இருந்தாள். என் படம்தான். கூடை, கொடி, சிரிப்பு எல்லாம் அப்படியே. எங்கிருந்து எடுத்தார்கள் என்று கேட்க வேண்டியதில்லை, அவ்வளவு பேர் பகிர்ந்தார்களே. என்னைக் கேட்கவில்லை, அக்காவைக் கேட்கவில்லை. மூன்று மொழியில் ஏதோ ஒன்றிணைந்த தேசம் என்று எழுதியிருந்தது. தமிழில் இரண்டு பிழை. அக்காவுக்குக் காட்டினேன். கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தாள், பல்லு இவ்வளவு எடுப்பாவா இருக்கு என்று கேட்டாள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சத்தியமாகச் சொல்கிறேன், அவளுக்கு அது சந்தோஷமாக இருந்தது. இனிப் பேச்சே இல்லை, ஆபிஸே நம்மை ஏற்றுக்கொண்டுவிட்டது என்று நினைத்துவிட்டாள்.

எங்கள் முறை வர பத்தேகால் ஆனது. எழுதுவினைஞர் முப்பது வயதுக்காரர், மரியாதையானவர், அக்காவை அம்மா என்றுதான் கூப்பிட்டார். குரலை ஒரு தடவைகூட உயர்த்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், அதற்கும் வழியில்லாமல் போயிற்று. கோப்பைப் பார்த்தார், கட்டத்திலிருந்த கோட்டைத் தொட்டுக் காட்டினார், பத்திரத்தைக் கேட்டார். துவாயைப் பிரித்துக் கொடுத்தோம். அவர் முகம் கோணவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இலக்கம் தெரியாமல் என்னால் பதிய முடியாது, மெல்லத் துடைத்துக் கொண்டு வாருங்கள், தெரிந்தால் இன்றைக்கே ஏற்றிவிடுகிறேன் என்றார். மெல்ல என்று அவர் சொன்னதை இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

தாழ்வாரத்தில் இருந்த வாங்குப் பலகையில் வைத்துத் துடைக்க ஆரம்பித்தது அக்கா. விரல் நுனியில் தண்ணீர் தொட்டு, சாமி சிலையைத் துடைக்கிற மாதிரி ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக. எனக்குப் பொறுக்கவில்லை. வாசலில் இரண்டு ஆள் உயரத்தில் அவள் முகம், உள்ளே அவள் அப்பனுக்கு அப்பன் எங்கே பிறந்தான் என்ற கேள்வி. நாலு தலைமுறை இந்த மலையில் குனிந்து நிமிர்ந்திருக்கிறது. தேயிலைச் செடியும் கடல் தாண்டி வந்ததுதானே, அதன் பாட்டனாரைப் பற்றி யாராவது கேட்டார்களா? பெட்டியில் நாட்டின் பெயரைப் போட்டு உலகம் முழுக்க விற்கிறார்கள். இலைக்கு உடனே கிடைத்த குடியுரிமை பறித்த கைக்கு ஏன் கிடைக்கவில்லை? இதையெல்லாம் மனதுக்குள் கத்திக்கொண்டே, கொடுங்க அக்கா நான் செய்கிறேன் என்று வாங்கி, கைக்குட்டையை நனைத்து ஒரே அழுத்தாக அழுத்தித் தேய்த்தேன்.

சந்தனம் வந்தது. குங்குமம் வந்தது. அவற்றோடு மசியும் வந்தது. இலக்கத்தின் கடைசி இரண்டு எண் என் கைக்குட்டையில் நீலமாகக் கிடந்தது.

அக்கா திட்டவில்லை. திட்டியிருக்கலாம். தாளை என் கையிலிருந்து வாங்கி ஊதினாள். விரலில் ஒட்டியிருந்த குங்குமத்தைப் பழக்கதோஷத்தில் நெற்றியில் இட்டுக்கொண்டாள். "சரி வா, இருக்குறதக் காட்டுவோம்," என்றாள். கொழும்பிலிருந்து உதவிக்கு வந்த பெரிய மனுஷன் நான், அந்தக் கைக்குட்டையைக் காற்சட்டைப் பையில் ஒளித்துக்கொண்டு பின்னால் போனேன்.

எழுதுவினைஞர் பார்த்தார். முத்திரை இப்போது தெரிகிறது, இலக்கம் போய்விட்டதே என்றார். கொழும்பில் திணைக்களத்தில் உறுதிப்படுத்திய பிரதி எடுக்கலாம், நாலைந்து வாரம் ஆகும், ஆனால் பட்டியல் இன்று போகிறது என்றார். நான் அடித்துக் கொண்டுபோன கலர்ப் படத்தை மேசையில் வைத்தேன். இதைக் கோப்பில் போட முடியாது என்று அதையும் பணிவாகவே திருப்பித் தந்தார். அதற்கு மேல் என் சிங்களம் வேலை செய்யவில்லை. கோபம் வந்தால் எனக்கு எந்த மொழியும் ஒழுங்காக வருவதில்லை.

அக்கா எழுந்தாள். அவர் மேசைக்குப் பக்கத்து ஜன்னலுக்குப் போய், வெளியே கையை நீட்டினாள். அங்கிருந்து பார்த்தால் பேனரின் பக்கவாட்டுத் தெரியும். "தம்பி, இந்த ஐயாகிட்ட சிங்களத்துல கேளு. அங்க சிரிச்சிக்கிட்டு நிக்கிற பொம்பள எந்த நாட்டு ஆளு?"

கேட்டேன். அப்படியே, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல். அவர் எழுந்து வந்து பார்த்தார். பேனரைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், மறுபடி பேனரைப் பார்த்தார். தினமும் அதற்குக் கீழே நடந்துதான் உள்ளே வந்திருக்கிறார். காது சிவந்துவிட்டது. திரும்பப் போய் உட்கார்ந்தார். பிறகு பட்டியலை எடுத்தார். பத்துப் பெயரும் நீல மையில் இருந்தன. பேனாவை மூடி வைத்துவிட்டு, மேசை லாச்சியைத் திறந்து பென்சில் எடுத்து, பதினோராவதாக அக்காவின் பெயரை எழுதினார். மேலே பார்த்துவிட்டுப் பட்டியல் இங்கேதான் திரும்பி வரும், அதற்குள் பிரதி வந்தால் மை ஓட்டிவிடுவேன் என்றார். வராவிட்டால் என்று நான் கேட்டேன். அவர் பென்சிலைக் கீழே வைத்தார். பென்சிலின் மறுமுனையில் அழிறப்பர் இருந்தது.

அவரைக் கெட்டவர் என்று எழுத மாட்டேன். தன்னால் முடிந்ததற்கு மேலே அரை அடி எடுத்து வைத்தார். ஒரு நல்ல மனிதரை இவ்வளவுதான் நல்லவராக இருக்க விடுகிறது அந்தத் தாள். எனக்கு ஆத்திரம் அதில்தான்.

திரும்பும் பஸ்ஸில் அக்கா பேசிய ஒரே விஷயம் பேனரைப் பற்றி. நாளைக்கு முடிஞ்சா அத என்ன செய்வாங்க, நல்ல கனமான ஷீட்டு, கெடச்சா கூரைக்குப் போடலாம் என்றாள்.

அக்கரப்பத்தனையிலிருந்து லயத்துக்குப் பண்டார அண்ணனோடு போனோம். நடந்ததைக் கேட்டார். சொன்னோம். வண்டியை மெதுவாக்கிவிட்டார்.

"என்ட சீயா எங்க பொறந்த, எனக்குத் தெரியா," என்றார். சீயா என்றால் சிங்களத்தில் தாத்தா. "சேர்டிபிகட்ல ஒரு ஊர் இரிக்கி. அப்பாக்கும் தெரியா, சும்மா ஒரு ஊர் சொன்ன. ஆபிஸ் ஐயா எழுதின. யாரும் கேக்கல்ல."

அவ்வளவுதான். எவ்வளவோ கட்டுரை படித்திருக்கிறேன், தேசியவாதம் என்றால் என்ன என்று இதைவிடத் தெளிவாக எனக்கு யாரும் சொன்னதில்லை. சிலர் வாயால் சொன்ன ஊரை நாடு நம்பி எழுதிக்கொள்கிறது. சிலர் தாளைச் சாமித் தட்டில் வைத்துக் கும்பிட்டாலும் இலக்கம் கேட்கிறது. மற்றபடி பண்டார அண்ணனும் அதே மழையில்தான் நனைகிறார், அவர் தோட்டமும் பாதி சரிந்துதான் கிடக்கிறது. அன்றைக்கு என்னிடம் 700 வாங்கவில்லை. எவ்வளவு சொல்லியும் வாங்கவில்லை.

பெப்ரவரி 4. காலை எட்டு மணிக்குப் பெரட்டுக் களத்தில் கொடியேற்றம். தினமும் வேலைக்கு ஆள் பிரிக்கிற அதே மைதானம்தான். விடுமுறை நாளென்றாலும் லயத்துக்கு ஓர் ஆளாவது வரவேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். கொடிப் பொல்லைச் சுற்றி வெள்ளைக் கல், தோட்ட மேலாளரான துரைக்கு ஒரு நாற்காலி, ஒலிபெருக்கி. தோட்டத்தின் நலன்புரி உத்தியோகத்தர், நம் ஆள்தான், நேராக அக்காவிடம் வந்தார். கையில் ஒரு கூடையும் சின்னக் கொடியும். போன வருஷப் படம் அவ்வளவு நல்லா வந்துச்சு, இந்த வருஷம் துரைக்குப் பக்கத்துல நில்லுங்கக்கா, தம்பியும் இருக்காரு, ஒன்னு எடுத்துருவோம் என்றார். நான் தரையைப் பார்த்தேன்.

அக்கா கொடியை வாங்கவில்லை. தள்ளவும் இல்லை. "நேத்து என் பேரப் பென்சில்லதான் எழுதியிருக்காங்க ஐயா. பேனாவுல எழுதட்டும். அப்புறம் புடிக்கிறேன்."

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் பக்கத்தில் நின்ற பெண்களுக்குக் கேட்டது. அவர் அடுத்தவரிடம் கூடையை நீட்டினார், அந்த அம்மா கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அதற்கடுத்தவரும் வாங்கவில்லை. கடைசியில் கூடையும் கொடியும் துரையின் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் இருந்தன. கொடி ஏறும்போது அக்கா மற்ற எல்லோரையும்போல் நிமிர்ந்துதான் நின்றாள், சேலைத் தலைப்பைத் தோளில் சரியாகப் போட்டுக்கொண்டு. ஒலிபெருக்கியில் கீதம் சிங்களத்தில் போனது. அதற்கும் முழுசாக நின்றாள். நான்தான் நெளிந்துகொண்டிருந்தேன்.

இனிப் போக நினைப்பவர்களுக்கு. தலவாக்கலையில் விடுதி அறை 4,500 ரூபாயிலிருந்து கிடைக்கும், விடுமுறை நாளில் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். அக்கரப்பத்தனையிலிருந்து கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று இறங்கியவுடனே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், ஆளுக்கொரு நேரம் சொல்வார்கள். ஸ்வெட்டர் கட்டாயம், குடை அதைவிடக் கட்டாயம். லயங்கள் காட்சிசாலை இல்லை, அங்கே ஆட்கள் சமைக்கிறார்கள், குளிக்கிறார்கள், கூப்பிட்டால் மட்டும் போங்கள். கொழுந்தெடுக்கும் பெண்களைப் படம் எடுப்பதென்றால் கேட்டுவிட்டு எடுங்கள். அவர்கள் கையில் எதையும் கொடுத்துப் பிடிக்கச் சொல்லாதீர்கள். நான் அதைச் செய்தவன் என்பதால் சொல்கிறேன். உங்கள் பிறப்புச் சான்றிதழில் பாட்டனார் கட்டத்தில் பெயர் இருந்தால், அதை ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். அந்த ஊரை யார் சொன்னது, யார் சரிபார்த்தது என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

போன வருஷப் பதிவிலிருந்து படத்தை எடுத்துவிட்டேன். கீழேயிருந்த வரியையும் அழித்துவிட்டேன். பெப்ரவரி 6ஆம் தேதி கொழும்பில் பிரதிக்கு விண்ணப்பம் கொடுத்தேன். இலக்கத்தில் இரண்டு எண் இல்லாததால் தேட நாளெடுக்கும் என்றார்கள். கைக்குட்டையைக் காட்டினால் சிரிப்பார்கள் என்று காட்டவில்லை. அது துவைக்காமல் அலுமாரியில் இருக்கிறது.

நேற்று மாலை அக்கா போன் எடுத்தாள். மூன்று நாளாக அங்கே பருவம் தப்பிய மழை. பண்டார அண்ணன் அந்த அலுவலகத்துப் பியோனிடம் கேட்டு பேனரை வாங்கிவந்து, தானே ஏறிக் கூரையில் கட்டிக் கொடுத்தாராம். படம் மேலே தெரிந்தால் வெட்கமாக இருக்கும் என்று அக்கா கவிழ்த்துப் போடச் சொல்லியிருக்கிறாள். இப்போது படுத்தால் தகர ஓட்டை வழியாகக் கொடியில் கொஞ்சமும் தன் பல்லில் கொஞ்சமும் தெரிகிறது என்று சிரித்தாள். ஒழுக்கு நின்றுவிட்டதாம். பின்சுவர் வெடிப்பில் இப்போது முழங்கை வரை போகிறதாம். பேர எழுதிட்டாங்களா தம்பி என்று கேட்டாள். இன்னும் பென்சிலில்தான் இருக்கிறது என்றேன்.